மேலாண்ட ஊற்று

அறுபத்து மூன்றாம் வயதில் மறுபடியும் ஒரு வருகைப் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. முப்பத்தைந்து வருடம் நான் மற்றவர்களுக்குச் சிவப்பு மையில் சுழித்த பதிவேடு அது. இப்போது அகரவரிசையில் பதினோராவதாக நானே உட்கார்ந்து "உள்ளேன் மேடம்" என்றேன். புவியியல் தகவல் முறைமையில் முதுகலை, இரண்டு வருடம், முழுநேரம். விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற கட்டத்தில் "நில அளவர், ஓய்வு" என்று எழுதினேன். கட்டம் சிறியது. பெரிதாக இருந்திருந்தால் அவர்கள் என்னைச் சேர்க்க யோசித்திருப்பார்கள்.

எதற்காகப் படிக்கப் போனீர்கள் என்று ஆலங்காயத்தில் எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அறிவுக்கு வயதில்லை என்று சொல்லி வைத்தேன். உண்மை வேறு. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் பக்கத்து மனையை அளக்க ஓர் இளம் அளவர் வந்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு கம்பு, கம்பின் தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கருவி. நான் சங்கிலி பிடித்து ஒரு பகல் முழுக்க அளந்த மனையை, என் மனைவி போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் அவன் முடித்துவிட்டான். டீயையும் முழுதாகக் குடித்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமையால் முதுகலைப் படிப்பில் சேர்ந்தவன் அந்தக் கல்லூரியில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபது பேர் என் பேத்தியின் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள். மிச்சம் இரண்டு பேரில் நான் ஒருவன். இன்னொருவர் வாணியம்பாடியிலிருந்து வந்த பாய்.

பாய்க்கு நாற்பத்திரண்டு வயது. காலணி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தோல் வெட்டும் பிரிவில் இருந்தவர். ஒரு தோலை விரித்துப் போட்டால் அதில் முள் கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்த்து, பழுதைத் தவிர்த்து, வீணாகாமல் அச்சுகளை அடுக்க வேண்டும். முதலில் கையால் செய்தார். பிறகு கணினியில். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். தபாலில் முன்பே ஒரு பட்டம் வாங்கி வைத்திருந்தார். அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு இங்கே வந்திருந்தார். நிலத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரம் என்னிடம், "சார், பட்டான்னா இன்னா, சிட்டான்னா இன்னா? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அந்த ஒரு வாரம் மட்டும்.

இரண்டாம் வாரம் ஆய்வகத்தில் பழைய வரைபடத்தின் மேல் கோடு இழுக்கும் பயிற்சி தொடங்கியது. பழைய புல வரைபடத்தைக் கணினித் திரையில் வைத்து, ஒவ்வொரு வயலின் எல்லையையும் சுட்டியால் தொட்டுத் தொட்டு மூடிய வடிவமாக வரைய வேண்டும். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும், மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டிக்கொடுக்கும். புல வரைபடத்தை என் உள்ளங்கை ரேகை போல அறிந்தவன் நான். என் திரை அம்மை போட்ட முகம் போல இருந்தது. பாயின் திரையில் ஒரு சிவப்பு இல்லை.

"எல்லாரும் இங்க வந்து பாருங்க," என்றார் மேடம். எங்கள் வழிகாட்டி. என் மகளைவிட இளையவர். "எப்படி இவ்வளவு சுத்தமா போட்டிருக்கார் பாருங்க. சார், நீங்களும் வாங்க."

ஆசிரியர் மாணவனைச் சார் என்று கூப்பிடுவது மரியாதை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம். அது ஒருவனைத் தனியாக நிற்க வைக்கும் முறை.

"தோல்ல ரெண்டு துண்டுக்கு நடுவுல எடம் வுட்டா சூப்பர்வைசர் திட்டுவாரு மேடம்," என்றார் பாய் வெட்கத்தோடு. "அந்தப் பழக்கந்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வயல் என்பது மாட்டுத்தோல் அல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை ஆய்வகம் பூட்டும்வரை உட்கார்ந்து என் சிவப்புகளை ஒவ்வொன்றாக மூடினேன். மறுநாள் யாரும் வந்து பார்க்கவில்லை.

பிள்ளைகள் அவரை "பாய்ண்ணா" என்றார்கள். என்னைச் சார் என்றார்கள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் நான்கு கைகள் உள்ளே போகும். நான் திறந்தால் "சாப்பிடுங்க சார்" என்று தள்ளி உட்காருவார்கள். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தெரிந்ததையும் கேட்பார். பஸ் எப்போது வரும் என்று தெரியும், இருந்தாலும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். "கேட்டாத்தான் பேச்சு வரும் சார். பேச்சு வந்தாத்தான் மனுசன் வருவான்," என்றார் ஒருநாள். எனக்கு எல்லா விதியும் தெரியும். அதனால் நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் வந்ததில்லை.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. நான் ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவில் ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன் அந்த ஊரை அளந்தவன் நான். கள ஏட்டின் நகல் என் பீரோவில் இருந்தது. என் சொந்த அளவுகளைக் கணினிக்குள் ஏற்றி, அவை இன்றைய செயற்கைக்கோள் அளவுகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று நிரூபிப்பது என் திட்டம். தலைப்பு ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், அந்த டீ குடித்த பையனுக்குப் பதில்.

பாய் அதே சரிவை எடுத்துக்கொண்டார். மலையில் இருக்கும் ஊற்றுகளைப் பதிவது அவர் வேலை. வயல் எல்லைகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் மலைப் பேருந்தில் ஏறிப் போய், வீடு வீடாகக் கேட்டு, ஊற்றுவரை நடந்து, கருவியில் புள்ளி எடுத்துவந்தார். வரும்போது யாராவது பலாச்சுளையோ புளியோ கட்டிக் கொடுத்திருப்பார்கள். முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு மலையில் யாரும் பிரியமாக ஒன்றும் கட்டிக் கொடுத்ததில்லை. பயந்து கொடுத்தது வேறு கணக்கு.

வாய்மொழித் தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது மேடம் எங்கள் இருவரின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லைக் கற்கள் பொருந்தின. வயல்கள் பொருந்தின. என்னிடமிருந்து வாங்கியவைதான், இருந்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஓரிடத்தில் அவர் சுட்டி நின்றது.

"சார், உங்க மேப்புல இந்த வயலுக்கு மேற்கே ஊற்று. பாய் மேப்புல கிழக்கே. ஒரே ஊற்று ரெண்டு பக்கமும் இருக்காதே?"

"பாய் பார்த்தது பின்னால் வந்த ஊற்று," என்றேன். "நான் பதிவு செய்தது வற்றியிருக்கும். மலையில் ஊற்று இடம் மாறுவது சகஜம்."

கேட்க நன்றாக இருந்தது. பிள்ளைகள் தலையாட்டினார்கள். செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம் என்றால் அந்தச் சரிவு முழுவதும் மரம் மூடியிருந்தது.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்," என்றார் பாய். "ஆனா ஒண்ணு. அந்த நெலத்துக்கார அக்கா ஊத்துல இருந்து வயலுக்குக் குழாய் போடணும்னு மூணு வாட்டி மனு குடுத்துக்கீறாங்க. மூணு வாட்டியும் திருப்பிட்டாங்க. 'ஆவணப்படி ஊற்று மேற்கே உள்ளது, மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் ஊற்று எதுவும் பதிவில் இல்லை'ன்னு. அவங்க அந்தத் தண்ணியத்தான் குடத்துல தூக்கினு இருக்காங்க. நம்ம ரெண்டு மேப்பும் மேற்கேன்னு சொல்லிட்டா, நாலாவது வாட்டியும் திரும்பிடும்."

மேடம் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. இந்தப் புள்ளி எந்தப் பக்கம்னு முடிவாகாம நான் ரெண்டுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆக, ஒரு புள்ளி. அது கிழக்கே என்றால் முப்பது வருடத்துக்கு முன் நான் போட்ட கையெழுத்து பொய். மேற்கே என்றால் பாய் கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் செய்த முதல் தவறு. நான் எதை விரும்பினேன் என்று சொல்லத் தேவையில்லை. குடம் தூக்குகிற பெண்ணைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்ததாக இங்கே எழுதலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

போன அன்று மலையில் மேகம் இறங்கியிருந்தது. பேருந்தில் நடத்துநர் பாயிடம், "இன்னா பாய், இன்னைக்கு வாத்தியாரையும் கூட்டிக்கினு வந்துட்ட?" என்றார்.

"வாத்தியார் இல்லண்ணே, என் கிளாஸ்மேட்டு."

நடத்துநர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்தார்.

அந்தப் பெண்ணின் வீடு சாலையிலிருந்து அரை மணி நடை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் சாமை வித்து வாங்கக் கீழே போயிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வா பாய், வெறும் வயித்துலயா வந்த?" என்று உள்ளே கூப்பிட்டாள். என்னிடம், "வாங்க சார்" என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேழ்வரகுக் களியைப் பிட்டுச் சாப்பிட்டார். எனக்கு ஒரு சில்வர் டம்ளரில் டீ. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

நான் இங்கே முன்பு வந்தவன் என்று நான் சொல்லவில்லை. கேட்காத தகவலைத் தரக்கூடாது என்பது அலுவலகத்தில் நான் கற்ற முதல் பாடம்.

"அப்ப யாருக்கா வந்து அளந்தாங்க?" என்றார் பாய். தெரிந்ததையும் கேட்கிறவர், தெரியாததைக் கேட்காமல் இருப்பாரா?

"ஒருத்தர் வந்தாரு. நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்த புதுசு. கல்லு நட்டதெல்லாம் நல்லாத்தான் நட்டாரு. கடசி நாளு தூறல் போட்டுச்சி. கொடைய புடிச்சிக்கினு அதோ அந்தப் பலா மரத்தடியில குந்திக்கினாரு. எங்க மாமனாரு நின்னுக்கினு சொல்லச் சொல்ல எழுதிக்கினாரு. சிவப்பு எறும்பு ஏறிடுச்சி. எகிறிக் குதிச்சாரு பாரு!" அவள் சிரித்தாள். பாயும் சிரித்தார். எனக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு தொடையில் அரித்தது.

முதலில் வயலுக்கு மேற்கே இறங்கினோம். என் வற்றிய ஊற்றைத் தேடி. மேற்கே சரிவு கீழே இறங்குகிறது. அதற்கப்பால் ஆலங்காயத்துப் பக்கத்துச் சமவெளி மேகத்துக்குள் இருந்தது. பாறை. எங்கே பார்த்தாலும் பாறை. என் கள ஏட்டில் "கிழக்கில் பாறை" என்று இருந்தது நினைவுக்கு வந்தது. மலையில் பாறைக்கா பஞ்சம், இரண்டு பக்கமும் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு பாறையின் அடியில் மண் ஈரமாக இருந்தது. குச்சியால் கிளறினேன்.

"பாய், இங்கே பாருங்கள். ஈரம். ஊற்று இருந்த தடம்."

அவர் குனிந்தார். பதினெட்டு வருடம் தோலோடு இருந்த மூக்கு. "சார், இது ஆட்டு மூத்திரம்," என்றார் மிகவும் மரியாதையாக.

பிறகு கிழக்கே ஏறினோம். அவர் சொன்ன ஊற்றுக்கு. நான் பாதியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அவர் ஏறிப்போய், பதிவேட்டில் இல்லாத அந்தத் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி, ஈரத்தோடு இறங்கி வந்தார். மதியத் தொழுகை நேரம். வயல் ஓரத்தில் சமமான இடம் பார்த்து, தோளில் இருந்த துண்டை எடுத்தார். சூரியன் மேகத்துக்குள் எங்கே என்று தெரியவில்லை. அவர் போனில் திசை காட்டும் வசதி இருந்தது. தோளில் செயற்கைக்கோள் கருவி இருந்தது. ஆனால் அவர் பாய். தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வந்து நின்ற அந்தப் பெண்ணிடம் கேட்கத்தான் செய்வார்.

"அக்கா, மேலாண்ட எந்தப் பக்கம்?"

வாணியம்பாடித் தெருவில் மேலாண்ட வீடு என்றால் மேற்கே இருக்கும் வீடு. கீழாண்ட வீடு கிழக்கே. வீட்டில் அவர் பேசுவது உருது. தமிழை அந்தத் தெருவில் கற்றவர்.

அவள் ஊற்று இருந்த மேட்டைக் கை காட்டினாள். "அதோ."

பாய் யோசிக்காமல் அந்தப் பக்கம் பார்த்துத் துண்டை விரித்தார். ஊற்று கிழக்கே என்பது அவருக்குத் திரையில் பார்த்த புள்ளி; களத்தில் நின்றால் கேட்ட வார்த்தைதான் திசை.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு திசைமானி இருக்கும். ஓய்வு பெற்றும் அதை விடவில்லை. எடுத்துப் பார்த்தேன். அது சுத்தமான கிழக்கு. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடமாக ஒரு சிவப்புப் புள்ளி இல்லாத மனிதர், தினமும் ஐந்து முறை பார்க்கிற திசையைத் தவறவிட்டு நிற்கிறார். அவருடைய நன்மைக்காகச் சொன்னேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் சொன்னது பிழை கண்டுபிடித்த பிள்ளையின் குரலில்.

"பாய்! பாய்! அது மேற்கில்லை. கிழக்கு. நேர் எதிராக நிற்கிறீர்கள்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சார் சொல்றீங்க? மேலாண்ட அதுதான். மேல கீறது மேலாண்ட. கீழ கீறது கீழாண்ட. ஒங்க ஊர்ல வேற மாதிரியா?"

"மேலாண்ட என்றால் மேற்கும்மா," என்றேன். "பொழுது சாயுற பக்கம்."

"பொழுது சாயுற பக்கம் கீழாண்ட கீது சார். ஆலங்காயம் கீழதானே கீது? நாங்க கீழாண்ட போறோம்னு சொல்லிட்டுதானே பஸ் ஏறுறோம்?"

பாய் சிரிக்க ஆரம்பித்தார். "அரே, நல்லா காப்பாத்துனீங்க சார்," என்று துண்டை எடுத்து, உதறி, மறுபக்கம் விரித்து, பள்ளத்தைப் பார்த்து நின்று தொழத் தொடங்கினார்.

நான் சிரிக்கவில்லை. திசைமானி கையில் இருந்தது. ஊசி ஆடி நின்றுவிட்டது.

கீழே சமவெளியில் நிலம் மேற்கே உயரம், கிழக்கே தாழ்வு. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் மேல் என்றால் மேற்கும் உயரமும் ஒன்று. கீழ் என்றால் கிழக்கும் பள்ளமும் ஒன்று. எங்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு காரணமும் வந்ததில்லை. இந்தச் சரிவிலோ நிலம் திரும்பி நிற்கிறது. உயரம் கிழக்கே. பள்ளம் மேற்கே. இங்கே அந்தச் சொல் சூரியனை விட்டுவிட்டு மேட்டைப் பிடித்துக்கொண்டது. பலா மரத்தடியில் குடைக்குள் உட்கார்ந்திருந்த என்னிடம் அவளுடைய மாமனார் "மேலாண்ட ஊத்து, கீழாண்ட பாறை" என்று சொன்னார். அவர் சொன்னது சரி. நான் கொச்சையைத் திருத்தினேன். "மேற்கில் ஊற்று, கிழக்கில் பாறை" என்று நல்ல தமிழில் எழுதினேன். என் கள ஏடுகளில் மொழிப்பிழை இருக்காது என்று மேலதிகாரிகள் சொல்வார்கள்.

விதி என்ன என்று எனக்குத் தெரியும். ஊற்று, பாறை, ஓடை, பாதை எல்லாவற்றையும் அந்தந்த இடத்துக்குப் போய் அளந்து குறிக்க வேண்டும், பிறர் சொல்லக் கேட்டு எழுதக்கூடாது. பயிற்சிக்கு வரும் இளையவர்களுக்கு அதை வகுப்பெடுத்தவன் நான். மழை தூறியது. மேடு செங்குத்து. எறும்பு கடித்தது. அவ்வளவுதான்.

பாய் தொழுது முடித்துத் துண்டை மடித்தார். கொஞ்ச நேரம் மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"சார், அந்தச் சக்குபந்தி... நாலு எல்லையும் எழுதுறாங்களே, அதுல மேற்கில் ஊற்றுன்னு எழுதினவரு கீழ் ஊர்க்காரரா இருப்பாரோ?"

"அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது," என்றேன்.

முப்பத்தைந்து வருடம் என்னைக் காப்பாற்றிய வினை அது. எழுதப்பட்டது. அனுப்பப்பட்டது. கவனிக்கப்படவில்லை. யார் எழுதியது என்று அந்த வாக்கியத்தில் எங்கே தேடினாலும் ஆள் கிடைக்கமாட்டான். பாய் மேலே கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கேள்வியை முழுங்கினார். எனக்காக முழுங்கினார் என்று தெரிந்தபோது தாங்க முடியவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவரிடம்தான் இருக்க வேண்டுமா?

"நான்தாம்மா அது," என்றேன் அந்தப் பெண்ணிடம். "குடை பிடித்தவன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எறும்பு கடிச்ச சாரா? அப்ப ஒல்லியா இருந்தீங்களே!"

"இருந்தேன்."

"மேலாண்டன்னு எங்க மாமனாரு சொன்னத நீங்க மேற்கால ஆக்கிட்டீங்க."

"ஆமாம்மா."

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மூணு வாட்டி," என்றாள். "ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு பஸ் மாறிப் போய்ட்டு வந்தேன் சார்." சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

பேருந்தில் பாய்தான் தொடங்கினார். "சார், ஒவ்வொரு புள்ளிக்கும் மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமான்னு அட்டவணையில ஒரு கட்டம் சேர்த்துட்டா இன்னா? பழைய ஏட்டுல மேற்கு கிழக்குன்னு இருக்கிறதையெல்லாம் சரிவோட ஒத்துப் பார்க்கலாம். வேற எங்கயாவது இந்த மாதிரி ஆகியிருந்தா தெரிஞ்சிரும்."

நல்ல யோசனை. எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. சேர்த்தோம். அந்தச் சரிவில் என் கையெழுத்தில் இன்னும் இரண்டு இடங்கள் திரும்பி நின்றன. அவற்றையும் ஏறிப்போய்ப் பார்த்துத் திருத்தினேன். இந்த முறை பாதியில் உட்காரவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்தக் கட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "இது யாரோட ஐடியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய், "சாரோடது," என்று சொல்லிவிட்டார். இல்லை என்று மறுக்க எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை நான் எச்சில் விழுங்குவதில் செலவழித்தேன். பேராசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மதிப்பெண் பட்டியல் வந்தபோது பாய் முதலிடம். நான் நான்காவது. நடுவில் இரண்டு பிள்ளைகள்.

மனு மட்டும் மிச்சமிருந்தது. அது என் ராஜ்யம். எந்த அலுவலருக்கு எழுத வேண்டும், எந்த நகல்களை இணைக்க வேண்டும், எந்தச் சொல்லைப் போட்டால் திருப்ப முடியாது, எதைப் போட்டால் கோப்பு மேசை மாறும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பழைய பதிவைத் திருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. எழுதியவர் என்ன கேட்டார், என்ன பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அவர் செத்திருப்பார். இந்த மனுவுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. எழுதியவன் உயிரோடு இருந்தான், ஆலங்காயத்தில் குடியிருந்தான், எழுதப் படிக்கத் தெரிந்தவன்.

வாக்குமூலத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் "தவறுதலாகக் குறிக்கப்பட்டுள்ளது" என்று வந்தது. கை தானாகவே அப்படிப் போனது. மூன்றாவதில்: "நான் ஏறிப் பார்க்கவில்லை. அவர் மேலாண்ட என்று சொன்னார். நான் மேற்கு என்று எழுதினேன்." மூன்று வாக்கியம். கீழே கையெழுத்தும் நான் வகித்த பதவியும்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பாய்க்கு அதற்குள் வேலை கிடைத்திருந்தது. பெங்களூரில் வரைபடம் செய்யும் நிறுவனம், குளிரூட்டிய அறை. போனில் கூப்பிட்டு, "நான் லீவு போட்டு வரட்டுமா சார்?" என்றார். வேண்டாம், இது அலுவலக நடைமுறை, உங்களுக்குப் புரியாது என்றேன். உண்மை என்னவென்றால், ஒரு தடவையாவது அந்த மலைக்கு நான் தனியாகப் போய் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று இருந்தது.

காலைப் பேருந்தில் போனேன். தலையில் கிண்ணம் கவிழ்த்த கம்போடு ஓர் இளம் அளவர் வந்திருந்தான், டீ குடித்தவன் இல்லை, அவனைப் போல இன்னொருவன். அவனோடு ஊற்றுவரை ஏறினேன். அவன் புள்ளி எடுத்தான். நான் என் திசைமானியையும் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டும் கிழக்கு என்றன. இறங்கி வந்து, என் வாக்குமூலத்தைப் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பதிவில் "கிழக்கில் ஊற்று" என்று எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். அடுத்த மாதம் குழாய்க்கு உத்தரவு வந்துவிடும் என்று அந்தப் பெண்ணிடம் அவன்தான் சொன்னான். நான் சொல்லலாம் என்று வைத்திருந்த வாக்கியம் அது.

வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அவள் அதைத் துடைத்து அளவருக்குப் போட்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன். என் எதிரில் களி வைத்தாள். குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியோடு நிமிர்ந்து, நான் வந்த பாதையை வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பாய் வர்லிங்களா சார்?"

"வர்லம்மா," என்றேன். "நான் மட்டுந்தான்."